நாங்கள் ரசித்த விரிசல்

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். இதில் வரும் தோழி அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தோம். நியமனமும் ஒரே பாடசாலைக்குக் கிடைத்தது. அவள் கினிகத்தேனைக்காரி. எங்கள் தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, என் வீட்டு வரிசையிலேயே மூன்றாவது வீட்டுக்குக் குடிவந்தாள். தேயிலை மலையின் அடிவாரத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தை இடித்துவிட்டுக் கட்டிய சிறிய வீடுகள் அவை. முன்னால் ரோட்டு, பின்னால் சமையலறைச் சுவருக்கும் மலைக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம்.

அவளுடைய புருஷன் கட்டாரில் வேலை செய்கிறார். என் வீட்டுக்காரர் ஹட்டனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக் கடையில் இருக்கிறார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் எங்கள் இருவருக்கும் நாங்கள் இருவரேதான். அவள் மகளும் என் மகளும் எந்த வீட்டில் பசிக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

தனக்குள் தன்னையே திரும்பத் திரும்ப வைத்திருக்கும் உருவங்களுக்கான பிராக்டல் என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தவள் அவள்தான். ஒருநாள் பாடசாலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனை என் மடியில் வைத்து, "இதப் பாரு, பேசாமப் பாரு," என்றாள். திரையில் கறுப்பாக, வண்டு போல ஓர் உருவம். அதன் விளிம்பில் நெருப்பு மாதிரி சுருள்கள். படம் அந்த விளிம்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. சுருளுக்குள் சுருள், அதற்குள் மெல்லிய இழைகள். இனி ஒன்றும் இருக்காது என்று நினைக்கும் இடத்தில், ஊசி முனையளவில் மறுபடி அதே கறுப்பு வண்டு. அதற்குள்ளும் போனது. எங்கள் இறங்குமிடம் தாண்டிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு திரும்பி நடந்தோம்.

"இதுக்கு என்ன சூத்திரம் தெரியுமா?" என்றாள் வழியில். "ஒரு எண்ண வர்க்கமாக்கு, இன்னொரு எண்ணக் கூட்டு, வந்த விடைய மறுபடி வர்க்கமாக்கு. அவ்வளவுதான்டி."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டலும் பெருக்கலும்தான். அதற்குள்ளிருந்து எவராலும் பார்த்து முடிக்க முடியாத ஒன்று வருகிறது. இவ்வளவு காலம் கணிதத்தோடு குடித்தனம் நடத்தியும் அது என்னிடம் இதை மறைத்துவிட்டதே என்று இருந்தது.

அதன்பிறகு எங்களுக்கு அது ஒரு பைத்தியமாகிவிட்டது. ரோட்டோரத்தில் பெரணிச் செடியைப் பிடுங்கி, முழு இலையையும் அதன் ஒரு கிளையையும் அந்தக் கிளையின் கிளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். சந்தையில் கோலிபிளவர் வாங்கினால் அதைச் சமைக்க மனம் வராமல் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருப்போம். "சாப்பாடு கெடைக்குமா, கெடைக்காதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

பாடசாலைக் கண்காட்சிக்கு இருவரும் சேர்ந்து ஒன்று செய்தோம். எங்கள் ஊருக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தின் வரைபடத்தைப் பெரிதாக எடுத்து, பிள்ளைகளிடம் கவராயத்தைக் கொடுத்து, கரையின் நீளத்தை அளக்கச் சொன்னோம். கவராயத்தை அகலமாக விரித்து அளந்தபோது ஒரு நீளம் வந்தது. கொஞ்சம் குறுக்கி அளந்தால், முன்பு தாண்டிப்போன சிறிய வளைவுகளுக்குள்ளும் கவராயத்தின் கால் நுழைந்து நீளம் கூடியது. இன்னும் குறுக்கினால் இன்னும் கூடியது. பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. ஒரு சிறுமி கையை உயர்த்திக் கேட்டாள்: "அப்ப உண்மையான நீளம் எவ்வளவு டீச்சர்?"

"அளக்குற கோல் என்னான்னு சொல்லு, நீளத்தச் சொல்றேன்," என்றாள் என் தோழி. "கோலச் சொல்லாம நீளத்தக் கேட்டா, அது யாருக்கும் தெரியாது."

அதிபர் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பரீட்சைக்கு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. கணிதம் படிப்பிக்கிறவளிடம் எல்லோரும் விடையைத்தான் கேட்பார்கள். விடை தெரியாவிட்டால் அவமானம். இங்கே, தெரியாது என்று சொல்வதே சரியான விடை. மனிதனுடைய அறிவு எங்கே போய் நிற்கிறது என்பதைக் கணிதமே கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அவளும் தோளோடு தோள் நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மழை முன்னதாகவே தொடங்கியது. ஒருநாள் மாலை மழை விட்டிருந்த நேரத்தில் வீட்டு வரிசைக்கு மேலே, தேயிலை தொடங்கும் இடத்தில் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். பாதைக்குக் குறுக்கே நிலம் வெடித்திருந்தது. அகலமான வெடிப்பு அல்ல, விரல் நுழையலாம். ஆனால் நீளமாக, மலையைச் சுற்றிப் போயிற்று. அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து கிளைகள், கடைசியில் மயிரிழை போன்ற கோடுகள்.

"அய்யோ, எவ்வளவு அழகு!" என்றாள்.

எனக்கும் அழகாகத்தான் இருந்தது. குந்தி உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம். அவள் தன் பேனாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தாள். பிறகு பேனாவை எடுத்துவிட்டு இன்னொரு படம். பேனா இல்லாத படத்தில் அது எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டி, இது என்னவென்று கேட்டாள். ஆறு என்றார்கள், மின்னல் என்றார்கள், இலை உதிர்ந்த மரம் என்றார்கள். ஒருத்தி, கையில் ஓடுகிற நரம்பு என்றாள். நிலத்தின் விரிசல் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரே சந்தோசம்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மகளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போய்த் திரும்பியபோது, அவளுடைய அண்ணன் வந்து போனதாக அடுத்த வீட்டு அக்கா சொன்னார். அந்த அண்ணன் ரோட்டு வேலைக் கொந்தராத்து ஒன்றில் மேற்பார்வை செய்கிறவர். மலை வெட்டி ரோட்டுப் போடும் வேலை. நான் அவளிடம் கேட்டபோது, "கூரைத் தகரம் பாக்க வந்தாரு. ஒழுகுதுல்ல," என்றாள்.

பிறகு ஒரு மாலை வழக்கம் போலப் பின்வாசலால் என் சமையலறைக்குள் வந்தாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"நானும் புள்ளயும் கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுல இருக்கலாம்னு பாக்குறோம்," என்றாள். "கினிகத்தேனையில நல்ல டியூசன் கிளாஸ் ஒன்னு இருக்காம். அவளுக்குப் பரீட்சை வருதுதானே."

"அப்ப தெனம் அங்கேருந்தா வேலைக்கு வருவ?"

"பஸ்ஸுல வந்துருவேன். என்ன, கொஞ்சம் வெள்ளன எந்திரிக்கணும்."

எனக்கு முகம் வாடிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஈரம் ஏறியிருந்தது. "ஓதம் புடிச்சிருக்கு," என்றேன், அவள் அதைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து. "ம்," என்றாள். போகும்போது என் மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பக்கத்து ஊருக்குப் போகிறவள் இவ்வளவு கலங்குகிறாளே என்று எனக்கு அவள்மேல் பாசம்தான் கூடியது.

இரண்டு பெட்டியும் தையல் மிசினும் டிவியும் ஒரு சின்ன லொறியில் போயின. டியூசனுக்கு எதற்குத் தையல் மிசின் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. பாடசாலைகளை மூடினார்கள். ரயில் ஓடவில்லை. நாள் கணக்கில் மலை தெரியவில்லை; பனியும் மழையும் மட்டும். நடுவில் ஒருநாள் காலையில் மழை கொஞ்சம் குறைந்ததும் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அடுத்த வீட்டு அக்கா தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கக் கிளம்பினார். அவருடைய புருஷன் மரம் வெட்டும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். கட்டிலில்தான் இருப்பார். பகிடியாகப் பேசிச் சிரிக்கவைக்கிற மனிதர். ரேடியோவைச் சத்தமாக வைத்து எங்கள் எல்லோருக்கும் செய்தி கேட்கச் செய்வார். "டீச்சர், மனுசன கொஞ்சம் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. தோழிதான்.

"மழை எப்படி அங்க?"

"இப்ப கொறைஞ்சிருக்கு. ஆளுங்க மலைக்குப் போயிட்டாங்க."

"நீ வீட்டுலயா இருக்க?"

"வேற எங்க இருப்பேன்? அங்க எப்படி?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து நான் இரண்டு தரம் ஹலோ சொன்னேன். "கவனமா இரு, என்ன," என்றாள். "புள்ளயப் பாத்துக்க." வைத்துவிட்டாள்.

மதியத்துக்குப் பிறகு மறுபடி ஊற்றியது. மழைத்தண்ணீர் ஓடும் முன்பக்கத்துக் கான் இலைகுப்பையில் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசலுக்கு ஏறியது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கானைச் சுத்தம் செய்தேன். மகள் எனக்குக் குடை பிடிக்கிறேன் என்று வாசலுக்கு வந்தாள். அப்படி வராமல் சமையலறையில் இருந்திருந்தால் அவள் இன்று இல்லை. இதைக் கடவுள் செயல் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டின் கூரை முன்னால் நகர்ந்து என்னைப் பார்த்து வந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். சத்தம் நின்றபோது என் வீட்டின் முன்னறை மட்டும் சாய்ந்து நின்றது. சமையலறை இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு தேயிலைச் செடிகளும். அடுத்த வீடு இல்லவே இல்லை. அந்தப் பக்கம் தோழியின் வீடும் இல்லை.

வேலைக்குப் போனவர்கள் மலையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா, தோளில் இருந்த கொழுந்துச் சாக்கைக்கூடக் கழற்றாமல், கையாலேயே மண்ணைத் தோண்டினார். மறுநாள்தான் அவருடைய புருஷனை எடுத்தார்கள். கட்டிலோடுதான் இருந்தார்.

அன்று ரோட்டில் நின்று அந்தச் சேற்றைப் பார்த்தபோது ஒன்று நடந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சேறு பரவி நின்ற விளிம்பு வளைந்து, வளைவுக்குள் வளைந்து, விரல் விரலாகப் பிரிந்திருந்தது. என் கண் பழக்கத்தில் அதைத் தொடர்ந்து போய்விட்டது. உடனே சேற்றுக்கு முதுகைக் காட்டி ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எங்களை எங்கள் பாடசாலையிலேயே தங்கவைத்தார்கள். நான் படிப்பிக்கும் வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்தேன். சுவரில் பிள்ளைகள் அளந்த நீர்த்தேக்கத்தின் வரைபடம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாரோ துவாயைக் காயப்போட்டிருந்தார்கள்.

தோழி ஒரு தரம் போனில் அழுதாள். ரோட்டு உடைந்திருப்பதால் வர முடியவில்லை என்றாள். அவளாவது பிள்ளையோடு தப்பினாளே, என்ன நல்ல நேரத்துக்கு டியூசன் என்று அப்போதும் நான் உண்மையாகவே சந்தோசப்பட்டேன்.

ரோட்டுத் திறந்ததும் அவளுடைய அண்ணன்தான் வந்தார். ஒரு லொறி நிறையப் பாணும் பருப்பும் பாயும் பால்மாவும் கொண்டுவந்தார். சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"புள்ள நல்லா இருக்காங்கதானே டீச்சர்?"

"இருக்காண்ணே."

"மனசே சரியில்லைங்க. நான் அவ்வளவு சொன்னேன். நீங்க எல்லாரும் வேற எங்கயாவது போயிருக்கலாமே. ஏங்க இருந்தீங்க?"

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "என்ன சொன்னீங்க?"

"தங்கச்சி சொல்லலையா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. ஆனாலும் தொடங்கியதை நிறுத்த அவரால் முடியவில்லை. "போன்ல ஒரு படம் காட்டுச்சு. மண்ணு வெடிச்ச படம். அழகா இருக்குல்லன்னு கேட்டுச்சு. எனக்கு அழகு கிழகு ஒன்னும் தெரியலைங்க. இது எந்த எடம்னு கேட்டேன். எங்க வீட்டுக்கு மேலதான்னு சொல்லுச்சு. நேர்ல வந்து பாத்தேன். மேல இருந்த மரமெல்லாம் சாஞ்சிருந்துச்சு. மலை எறங்கப் பாக்குது, எப்பன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா இந்த மழைக்கு இங்க இருக்காதீங்க, எல்லார்ட்டயும் சொல்லு, கிராம சேவகர்ட்டயும் சொல்லுன்னு சொல்லிட்டுத்தான் போனேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானே வீடு வீடா சொல்லியிருக்கணும். அது சொல்லிரும்னு நெனச்சேன்."

அடுத்த வீட்டு அக்கா அந்த நேரத்தில் எங்களுக்குச் சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து, கொடுத்த பாணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை. நான் அண்ணனிடம் வெறுமனே தலையாட்டினேன். அவர் போனபின் அந்தத் தேத்தண்ணியை நினைத்தேன். அந்தச் சுவரை அவள் பார்த்ததை நினைத்தேன். தையல் மிசினை நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் போன் பேச்சை. இரண்டு தரம் ஹலோ சொன்னேனே, அந்த இடைவெளியில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சொல்வதா வேண்டாமா என்று என் மகளின் உயிரை வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

பாடசாலை மீண்டும் தொடங்கிய முதல் நாள், பஸ் நிற்கும் இடத்தில் அவளுக்காகக் காத்து நின்றேன். இறங்கியதும் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"அண்ணன் எல்லாம் சொன்னாரு," என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. மற்ற ஆசிரியர்கள் முன்னால் போகும்வரை அங்கேயே நின்றோம்.

"எனக்குத் தெரியாதுடி," என்றாள். "சத்தியமா தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. எப்ப, எங்க, எவ்வளவு விழும்னு யாராலயும் சொல்ல ஏலாது. அந்தச் சூத்திரத்துல எண்ணு துளி மாறினாலே முழுப் படமும் மாறிரும்னு நீயும் நானும்தானே படிச்சோம்? மழையும் அப்படித்தானே?"

"எப்ப விழும்னு தெரியாது. இருக்கக்கூடாதுன்னு தெரியும்தானே?"

"அந்த மருந்துக் கடைத் தாத்தாவ ஞாபகம் இருக்கா ஒனக்கு? மேல் கணக்கு லயத்துல மலை சரியப் போகுதுன்னு சொல்லி எல்லாரையும் கெளப்பி, கோயில்ல கொண்டு போய் வச்சாரு. ஒன்னும் நடக்கல. மண்சரிவு மாமான்னு சின்னப் புள்ளங்க கூடப் பேர் வச்சாங்க. சாகுற வரைக்கும் அந்தப் பேர்தான். நான் டீச்சர். நான் சொல்லி எல்லாரும் வேல வெட்டிய விட்டுப் போயி, ஒன்னும் நடக்கலன்னா என் நெலம என்ன?"

"எல்லார்கிட்டயும் சொல்ல வேணாம். என்கிட்ட?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கடைசியில் சொன்னாள்: "ஒன்கிட்ட சொன்னா நீ எல்லார்கிட்டயும் சொல்லிருவ."

அவள் சொன்னது உண்மை. நான் சொல்லியிருப்பேன். அன்று மாலையே வீடு வீடாகப் போயிருப்பேன். அவள் என்னை அவ்வளவு சரியாக அறிந்திருந்தாள். அறிந்ததால்தான் சொல்லவில்லை. நான் அவளைப் பற்றி அறிந்ததாக நினைத்ததெல்லாம் என்னவென்று நின்று யோசித்தேன். அவளுக்குப் பிடித்த கறி, தலைவலி எப்போது வரும், புருஷனோடு எதற்குச் சண்டை, எந்தப் பாட்டுக்கு அழுவாள் – எல்லாம் தெரியும். இந்த ஒன்று தெரியாது.

மனித அறிவுக்கு எல்லை உண்டு என்பதை நான் இன்றும் மறுக்கவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் சொல்கிறேன். அண்ணனுக்கும் அந்த எல்லை தெரிந்திருந்தது; எப்போது என்று சொல்லத் தெரியாது என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் தெரிந்த அளவைச் சொல்லச் சொன்னார். என் தோழி தெரியாததைப் பெரிதாக்கி, தெரிந்ததை அதற்குள் போட்டு மூடிவிட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்து வியந்த ஒன்றை எடுத்து இப்படி ஒரு போர்வையாக்கிக்கொண்டாளே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

"அடுத்த வீட்டு அக்காகிட்ட நீ போய்ச் சொல்லணும்," என்றேன். "நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

"சொல்றேன்," என்றாள்.

சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே உட்கார வேண்டியவள், நாற்காலியை யன்னல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அடுத்த தவணைக்கு முன்பே இடமாற்றம் வாங்கிக் கினிகத்தேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போய்விட்டாள். பிரியாவிடையில் அவளுடைய பொறுமையையும் அறிவையும் பாராட்டி அதிபர் பேசினார். நான் அந்த நேரம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வகுப்பறையில் இருந்தேன்.

பிறகு சொல்ல வேண்டியவள் நான்தான் என்று ஆகிவிட்டது. நாங்கள் தற்காலிகமாக இருந்த தகரக் கொட்டில்களில் எனக்கு அடுத்தது அக்காவுடையது. ஒரு பின்னேரம் அவர் விறகு பிளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுத்ததையும் சொன்னேன். அந்த விரிசலை நானும் பார்த்து ரசித்தேன் என்பதையும் விடவில்லை.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிருந்தா மட்டும் எங்க டீச்சர் போயிருப்போம்?" என்றார். "நமக்கு எங்க எடம் இருக்கு?"

சிதறிக் கிடந்த விறகை ஒன்றாகச் சேர்த்தார். அவரே மறுபடி பேசினார்.

"ஆனா அன்னைக்கி நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். அந்த மனுசன நாலு பேரப் புடிச்சுத் தூக்கியாந்து கோயில்ல போட்டிருப்பேன். மழை விடுற வரைக்கும் கெடந்திருப்பாரு. பகிடி பண்ணிக்கிட்டுக் கெடந்திருப்பாரு." அப்போதுதான் அவர் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்கு அந்த டீச்சரப் பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். அக்கா நல்ல சேலை உடுத்தியிருந்தார். கினிகத்தேனையில் இறங்கி, எனக்குப் பழக்கமான அந்த வீட்டுக்கு நடந்தோம். கதவைத் திறந்த தோழி முதலில் என்னைப் பார்த்தாள். என் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, உள்ள வாங்க," என்றாள்.

அக்கா உள்ளே போகவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"ஒரு வாய் சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றார். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. "சிரிச்சிருப்போம். நம்பாமக்கூட இருந்திருப்போம். அது எங்க பாடு. நீங்க சொல்லியிருக்கலாமே."

தோழி அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்க," என்று அக்காவின் காலைத் தொடப் பார்த்தாள். அக்கா காலை இழுத்துக்கொண்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு, "வர்றேங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தோழி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போல. எவ்வளவோ காலம் அந்த முகம் அழுதால் நானும் அழுதிருக்கிறேன். அன்று அழுகை வரவில்லை. அக்காவின் பின்னால் நடந்தேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அக்கா ஒரு கடையில் நெத்தலிக் கருவாட்டைக் கையில் அள்ளி மணந்து பார்த்து, இது பழசு என்று கடைக்காரரோடு சிங்களத்தில் வாதாடி, புதிதை எடுத்துவரச் செய்தார். எனக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொன்னார். பஸ்ஸில் யன்னல் பக்கம் உட்கார்ந்தவர், வட்டவளை வருவதற்குள் தூங்கிவிட்டார். வளைவுகளில் அவர் தலை கம்பியில் மோதாமல் இருக்க, நடுவில் என் கையை வைத்துக்கொண்டு வந்தேன்.